பெயர் வெட்டிய தூக்குவாளி

கடை மூடப்பட்ட வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பாளையங்கோட்டைக்குக் கிழக்கே குளத்தைத் தூர்த்துக் கட்டிய நான்கு கட்டடக் குடியிருப்பில், பத்தொன்பது வீடுகளின் விளையாட்டுகள் தாம் இருந்த கன்சோல்களையும் கணினிகளையும் விட்டு வெளியேறி, உடல் நீங்கிய உயிர் இன்னோர் உடலைத் தேடுவதுபோலச் சற்று நேரம் கூடங்களிலும் நடைகளிலும் அலைந்து, முடிவில் தத்தம்மை வாங்கியவர்களின் பெயர் வெட்டியிருந்த எவர்சில்வர் பாத்திரங்களுக்குள் புகுந்து அமர்ந்தன. அந்நேரம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் பாலை இறக்கிவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பால் ஆறிவிடுமே என்று காப்பி கலக்கத் திரும்பினார்கள்.

இது வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை என்றாலும், கடை மூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது. குளிர் மிகுந்த தூரதேசத்தில் இருக்கும் ஒரு நிறுவனம், பழைய கன்சோலுக்கும் கணினிக்கும் விளையாட்டு விற்றுவந்த தன் இணையக் கடையை மூடப்போவதாக இரண்டு மாதங்களுக்கு முன்பே ஓலை அனுப்பியிருந்தது. டவுன்லோடு செய்தவர்கள் விலைக்கு வாங்கியதாகக் கருதியது உண்மையில் பொருள் அன்று, பொருளைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்றும், அவ்வனுமதி குறித்த வெள்ளிக்கிழமையோடு நிறைவு பெறுகிறது என்றும், இதுகாறும் உடனிருந்தமைக்கு நன்றி என்றும் அதில் கண்டிருந்தது. சிடியாக வாங்கியவர்களுக்கு அந்த ஓலை வரவில்லை. அவர்கள் தங்கள் சிடிகளை எடுத்துத் துடைத்து உறையிலிட்டு, மாடிப்படியில் எதிர்ப்பட்ட டவுன்லோடுக்காரர்களைப் பார்த்து, காற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்று இரண்டு மாதமும் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

சி கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வசித்த உலகம்மை டவுன்லோடுக்காரி. பெண்கள் கல்லூரி ஒன்றில் நூலகராக இருப்பவள், திருமணம் செய்துகொள்ளாதவள், நாற்பதைத் தாண்டியவள். அந்த வெள்ளிக்கிழமை காலை அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரங்கள் ஒளிவிட்டுப் பேசத் தொடங்கியதைக் கேட்டுவிட்டு, அவளும் தன் வீட்டு அடுக்களையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தும் நிமிர்த்தும் பார்த்தாள். ஒன்றிலும் ஒன்றும் வந்து அமர்ந்திருக்கவில்லை. பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்குக் காரணம் புலப்பட்டது. அவள் வீட்டுப் பாத்திரங்களில் அப்பாவின் பெயர் இருந்தது, மாமாக்களின் பெயர் இருந்தது, அன்பளிப்புச் செய்த பெரியப்பா மக்களின் பெயர் இருந்தது. உலகம்மை என்று வெட்டிய பாத்திரம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு; அது எதிர் வீட்டில் இருந்தது.

எதிர் வீட்டில் அவளுடைய அக்கா சங்கரவடிவு இருந்தாள். அக்காவும் தங்கையும் பேசி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மூடிய கதவின் பின்னாலிருந்து, வெள்ளிக்கிழமை காலையிலேயே, ஆறு ஓடும் ஓசை உலகம்மைக்குக் கேட்டது.

உலகம்மை டவுன்லோடு செய்திருந்த விளையாட்டின் பெயர் ‘பரிசல்’. அதில் எதிரிகள் இல்லை, பந்தயம் இல்லை, வெற்றியும் இல்லை. அகன்ற ஓர் ஆறு, இரு கரைகள், ஒரு கரையில் நிற்பவர்களை மறுகரையில் கொண்டு சேர்ப்பதற்கு வட்டமாய் ஒரு பரிசல். அந்தப் பரிசலின் இயல்பு, ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். இருவர் இரு பக்கம் போட்டால்தான் நகரும். இரண்டாமவர் எந்த ஊரில் எந்த வீட்டில் இருந்தாலும் இணையம் வழியாக வந்து ஏறிக்கொள்ளலாம். சங்கரவடிவின் மகன் புனேவுக்கு வேலைக்குப் போனபோது தன் கன்சோலையும் அந்த விளையாட்டின் சிடியையும் தாயிடம் விட்டுச் சென்றான். கணவர் மஸ்கட்டில் இருக்க, தனித்திருந்த அவள் பொழுது போகாமல் அதைப் போட்டுப் பார்த்துப் பழகிக்கொண்டாள். எதிர் வீட்டுக் கதவு வழியாக மாலைதோறும் கசிந்த ஆற்றோசையைக் கேட்டுக் கேட்டு, அது என்ன என்று கேட்க வாய் வராத உலகம்மை, கல்லூரி மாணவி ஒருத்தியிடம் அந்த ஓசையைச் செல்பேசியில் பிடித்துக் காட்டிப் பெயரை அறிந்து, தானும் ஒரு கன்சோல் வாங்கி, டவுன்லோடு செய்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஐந்தரை ஆண்டுகள், விளக்கேற்றியபின் ஆறரை மணிக்கு, ‘வடிவு46’ என்ற பெயரில் ஒருத்தியும் ‘கல்வெட்டு’ என்ற பெயரில் ஒருத்தியும் ஒரே பரிசலில் ஏறி, ஒரு சொல்லும் பேசாமல், ஆட்டுக்காரர்களையும் பூக்காரிகளையும் மணப்பெண்களையும் சவுக்குக்கட்டுச் சுமந்தவர்களையும் அக்கரை சேர்த்துவிட்டு, ஏழேகால் மணிக்கு இறங்கிப் போனார்கள். எதிரெதிர்க் கதவுகளுக்குள் இருந்த இருவரும், மறுபக்கத் துடுப்பு யாருடையது என்று தெரியாதவர்களைப்போலவே இருந்துகொண்டார்கள். காலையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கடை மூடியதோடு அதுவும் மூடியது. தங்கையிடம் விளையாட்டே இல்லாமற் போயிற்று. அக்காவிடம் சிடி இருந்தாலும், இருவர் சேரும் இணையவழி அடைபட்டுவிட்டதால், அவள் பரிசல் நின்ற இடத்தில் சுழன்றது. தூக்குவாளிக்குள் வந்து அமர்ந்த ஆற்றிலும் அப்படியே. பரிசலில் ஒரு பக்கம் ஆளில்லை.

அந்தத் தூக்குவாளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இளையவளுக்குக் காது குத்தியபோது அவர்களுடைய தாய் ஆசைப்பட்டு வாங்கி, ‘மு. உலகம்மை, காதணி விழா, 12.9.84’ என்று பெயர் வெட்டுவித்த பாத்திரம் அது. மூத்தவளுக்குக் காது குத்திய ஆண்டில் கையில் ஒன்றும் இல்லாததால், அவளுக்கென்று எதுவும் வெட்டப்படவில்லை. பின்னாளில் சங்கரவடிவு பிரசவத்தில் நலம் கெட்டு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தபோது, அந்த நாற்பது நாளும் தாய் அந்த வாளியில்தான் ரசஞ்சோறு சுமந்து வந்தாள்; போகும் காலத்தில் அதை மூத்தவள் கையில் கொடுத்து, வைத்துக்கொள் என்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரங்களைப் பிரிக்கையில், என் பெயர் இருக்கிறதே என்றாள் இளையவள். பெயர் இருந்துவிட்டால் ஆயிற்றா என்றாள் மூத்தவள். கையில் இருந்துவிட்டால் மட்டும் ஆயிற்றா என்றாள் இளையவள். அதற்குமேல் சொன்னவற்றை இருவருமே மறக்கவில்லை. ஆகையால் இங்கே எழுதத் தேவையில்லை.

குடியிருப்பில் மற்றவர்கள் வந்த அதிசயத்தோடு வாழப் பழகிக்கொண்டார்கள். ஏ கட்டடத்தில் ஒரு குத்துப்போணிக்குள் கிரிக்கெட் மைதானம் இருந்தது. விளக்கிக் கழுவினால் மைதானத்தில் மழை என்று ஆட்டம் நின்றது. பி கட்டடத்தில் ஓர் இட்லிக் கொப்பரைக்குள் போர் நடந்தது. ஆவி எழும்போது இரு படைகளும் ஒருவரையொருவர் காணாமல் போர் நிறுத்தம் செய்துகொள்வதால், அந்த வீட்டார் அடிக்கடி இட்லி அவித்தார்கள். பாயசம் ஊற்றினால் பாயசம் மேலே நின்றது, விளையாட்டு அடியில் நடந்தது; ஒன்றோடொன்று கலக்கவில்லை, ஏலக்காய் மணம் மட்டும் கீழே இறங்கியது. இப்படிப்பட்ட பாத்திரத்தில் சமைத்ததைச் சாமிக்கு வைக்கலாமா என்று வாசல் பிள்ளையார் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டார்கள். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “கோயில் திருப்பணிக்குப் பாலாலயம் பண்றச்சே சாமியையே கும்பத்துலதானே எழுந்தருளப் பண்றோம். அவரே செம்புக்குள்ள இருந்துண்டு ஒண்ணும் சொல்லலை. நீங்க பாட்டுக்குச் சமையுங்கோ. சண்டை நடக்கற பாத்திரத்துல மட்டும் சர்க்கரைப் பொங்கல் வேண்டாம்.”

டி கட்டடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மாசானமுத்து ஒரு தவறு செய்தார். பெயர் வெட்டிய பாத்திரத்தில்தான் விளையாட்டு நிற்கிறது என்றால், பெயரைக் கூட்டக் கூட்ட உரிமையும் பலப்படும் என்று எண்ணி, வீட்டிலிருந்த முப்பத்தொரு பாத்திரங்களையும் மூட்டை கட்டிப் பாத்திரக்கடைக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றிலும் தம் பெயரை வெட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அவருடைய கார்ப் பந்தயம் முப்பத்தொரு கூறாகப் பிரிந்துபோயிற்று. தம்ளரில் சக்கரங்கள் உருண்டன, சருவத்தில் சாலை கிடந்தது, கரண்டியில் ஒரு வளைவு, தாம்பாளத்தில் கூட்டத்தின் கைதட்டல். பந்தயம் பார்க்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது. அடுக்கினால் அவர் மனைவிக்குச் சமைக்கப் பாத்திரம் இல்லை.

ஆனால் எவரும் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. டவுன்லோடு செய்த விளையாட்டை இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் ஒருவருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கொடுப்பதற்குக் கையில் ஏதும் இருந்ததில்லை. இப்போதோ அது பாத்திரத்தில் இருந்தது, பாத்திரம் எப்போதும்போலப் பொரியல் சுமந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது அந்தக் குடியிருப்பில் வழக்கமில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்புவார்கள். ஆகவே ஒரு வாரத்துக்குள் கிரிக்கெட் சர்க்கரையோடும், போர் முறுக்கோடும், பந்தயச் சாலை நான்கு கொய்யாப்பழத்தோடும் வீடு வீடாகச் சுற்றி வந்தன. சிடிக்காரர்களின் கேலி நின்றது. சிடியை உறையிலிட்டுப் பூட்டி வைத்தவர்கள், பூட்டை நொந்துகொண்டு, கொப்பரை எப்போது தங்கள் வீட்டுக்கு வரும் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

உலகம்மை மட்டும் நாள்தோறும் கல்லூரியிலிருந்து திரும்பி, கதவைத் தாழிட்டு, ஆறரை மணிக்கு எதிர் வீட்டு ஆற்றோசையைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தாள். போய்க் கதவைத் தட்டலாம்; தட்டினால் என்னவென்று கேட்பது? என் வாளியைக் கொடு என்றால், ஆறு ஆண்டுகளுக்கு முன் நின்ற இடத்திலேயே போய் நிற்பதாகும். ஆற்றைக் காட்டு என்றால், மறுபக்கத் துடுப்பு தன்னுடையது என்று தெரிவிப்பதாகும். இரண்டுக்கும் நா எழவில்லை.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஜெரால்டு என்ற இளைஞர் வந்தார். நிறுவனத்துக்காக வேலை பார்க்கும் சட்ட அலுவலகத்தின் ஊழியர். முழுக்கைச் சட்டையும், கழுத்தில் அடையாள அட்டையும், கையில் ஒரு டேப்லெட்டுமாகக் காலை ஒன்பதுக்கு ஏ கட்டடத்தின் படியேறினார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆதிமூலம், பேருந்து நடத்துநராக முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர், அவரை முதலில் தம் வீட்டில் அமரவைத்து மோர் கொடுத்து விவரம் கேட்டார். அனுமதி முடிந்த விளையாட்டுகள் இந்தக் குடியிருப்பில் தங்கிவிட்டதாகத் தெரியவந்திருப்பதாகவும், ஒப்பந்தப்படி அவற்றைத் திரும்பப் பெற வந்திருப்பதாகவும், பாத்திரங்கள் தமக்கு வேண்டியதில்லை என்றும் ஜெரால்டு பணிவாகவே சொன்னார். முறை எளியது. பட்டியலில் பெயருள்ளவர் அந்தப் பாத்திரம் தம்முடையதுதான் என்று வாய்விட்டுச் சொல்லி டேப்லெட்டில் விரல் வைக்க வேண்டும். வைத்தால் உள்ளிருப்பது நிறுவனத்துக்குத் திரும்பிவிடும். உரியவர் ஒப்பாத பாத்திரத்தில் கைவைக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஏ கட்டடத்தில் மூன்று பாத்திரங்கள் அவ்விதம் அவிந்துபோயின. இந்தப் பாத்திரம் உங்களுடையதா என்று ஒருவர் வந்து கேட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு பதில் வாராது. கேட்ட மாத்திரத்தில் பாத்திரத்தைத் திருப்பி, விரலால் தடவிக் காட்டி, பேரைப் பாருங்கள், எங்கள் கல்யாணத்துக்கு வெட்டியது, கனத்தைப் பாருங்கள், இந்தக் காலத்தில் இப்படி ஏனம் கிடைக்குமா என்று பெருமையோடு சொல்லி, அந்தப் பெருமையிலேயே விரலையும் வைத்துவிட்டார்கள். வைத்ததும் குத்துப்போணிக்குள் மைதானத்தின் விளக்குகள் வரிசையாக அணைந்தன. பிறகு அது போணி, வேறொன்றும் இல்லை.

செய்தி ஜெரால்டை முந்திக்கொண்டு பி கட்டடத்துக்கு வந்துவிட்டது. அவர் ஆதிமூலத்தின் வீட்டில் பகலுணவு உண்டு கைகழுவி வருவதற்குள், பி கட்டடத்தில் ஒருவருக்கும் ஒரு பாத்திரமும் சொந்தமில்லை. கொப்பரை யாருடையது என்றார். எதிர் வீட்டுக்காரர்களுடையது, இட்லி அவிக்க வாங்கினோம் என்றார்கள். எதிர் வீட்டுக்காரரைக் கேட்டால், எங்கள் பெயர்தான் இருக்கிறது, ஆனால் அவர்களுக்குக் கொடுத்து வருஷமாயிற்றே, கொடுத்ததை எங்களுடையது என்று சொல்லலாமா, பாவமில்லையா என்றார்கள். அடுத்து டி கட்டடத்தில், தம் வீட்டுக் கூடத்தில் முப்பத்தொரு பாத்திரங்களுக்கு நடுவே அமர்ந்திருந்த மாசானமுத்து, முப்பத்தொன்றிலும் தம் பெயர் பளிச்சென்று தெரிய, இவையெல்லாம் மாசானமுத்து என்ற வேறொருவருடையவை என்று சொன்னபோது, ஜெரால்டே சிரித்துவிட்டார்.

மாலை ஆறு மணி சுமாருக்கு அவர் சி கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து உலகம்மையின் கதவைத் தட்டினார்.

“உலகம்மை மேடம் நீங்கதானே? ‘பரிசல்’ உங்க பேர்ல இருக்கு.”

“எம் பேர்லதான் இருந்துச்சு. வீட்டுல இல்ல. வேணும்னா உள்ள வந்து பாத்துக்கிடுங்க.”

அவர் உள்ளே வந்து பார்த்தார். அப்பாவின் பெயரும் மாமாக்களின் பெயரும் வெட்டிய பாத்திரங்கள் வாய் திறந்து சும்மா இருந்தன. வெளியே வந்தவர், எதிர்க் கதவின் பின்னால் ஆறு ஓடுவதைக் கேட்டு, அந்தக் கதவையும் தட்டினார். சங்கரவடிவு திறந்தாள். அவள் எதையும் ஒளித்துவைத்திருக்கவில்லை. கூடத்தில், தாயின் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் தூக்குவாளி இருந்தது. ஜெரால்டு கேட்டதும் அவளே அதை எடுத்து வந்து, இரு கதவுகளுக்கும் நடுவிலிருந்த நடையில், அவர் கையில் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். படியேறி வந்த ஆதிமூலமும் அங்கேயே நின்றுவிட்டார். உலகம்மை தன் நிலைப்படியில் நின்றாள். ஆறு ஆண்டுகளில் அந்த வாளியை இவ்வளவு அருகில் அவள் பார்த்ததில்லை. விளிம்புக்குக் கீழே ஆறு ஓடிற்று. அக்கரையில் ஏராளமான பேர் மூட்டைகளோடு நின்றார்கள். நடுவில் பரிசல் நின்ற இடத்தில் சுழன்றது.

ஜெரால்டு குனிந்து வாளியின் வயிற்றில் வெட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். பட்டியலைப் பார்த்தார். நிமிர்ந்து உலகம்மையைப் பார்த்தார்.

“இது உங்க பேர்தானே, மேடம்?”

“எம் பேர்தான்.”

“அப்போ இந்தப் பாத்திரம் உங்களோடதா?”

இந்தக் கேள்வியை யாராவது தன்னிடம் கேட்க வேண்டும் என்றுதான் உலகம்மை ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்தாள். பதினாறாம் நாள் கூடத்தில் அமர்ந்திருந்த பெரியவர்களில் ஒருவராவது கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சித்தி கேட்பாள் என்று நினைத்தாள், மாமா கேட்பார் என்று நினைத்தாள். கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை, நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்தும்போதெல்லாம் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பழுதற வைத்திருந்தாள். ஆமாம், என்னுடையது, என் காதுகுத்துக்கு என் தாய் வாங்கியது, பெயரைப் படித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில் இப்போது நாவின் நுனியில் வந்து நின்றது. சொன்னால் அவளுடையது என்று ஊரறிய ஆகிவிடும். சொன்ன மாத்திரத்தில் ஆறு வற்றிவிடும்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. வாளியின் பிடியில் தன் விரல்கள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி ஒரு பக்கம் வளைந்திருந்தது. நாற்பது நாள் பேருந்துக் கூட்டத்தில் இடிபட்டு வளைந்தது.

“பேருதான் என்னோடது,” என்றாள் உலகம்மை. “ஏனம் அக்காவோடது. எங்கம்மை அவ கையிலதான் குடுத்தா.”

சங்கரவடிவின் கையில் வாளி ஒரு முறை அசைந்தது. ஆற்றில் சிறிய அலை ஒன்று எழுந்து கரை சேர்ந்தது.

ஜெரால்டு சங்கரவடிவின் பெயரைக் கேட்டுப் பட்டியலில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினார். இல்லை. “நீங்க டவுன்லோடு பண்ணலயாம்மா?” என்றார்.

அவள் வாளியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த சிடியை எடுத்து வந்து நீட்டினாள். “கடையில வாங்குனது. எம் மவன் மதுரையில வாங்குனான். பில்லு இருந்துச்சு, எங்க வச்சேன்னு தெரியல.”

“பில் வேண்டாம்மா. சிடி இருந்தா அது உங்களோடதுதான். அதுல எங்களுக்குப் பேச்சே கிடையாது.” அவர் டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை.

“அப்ப ரைட்டு, போலாம்,” என்றார் ஆதிமூலம், முப்பது ஆண்டுப் பழக்கத்தில்.

ஜெரால்டுக்கு ரயில் ஏழரைக்கு. வழியில் சாப்பிட ஆதிமூலத்தின் மனைவி எலுமிச்சஞ்சோறு கட்டிக் கொடுத்தாள். அவிந்துபோன குத்துப்போணியில்தான் கொடுத்தாள். அது பத்து நாள் கழித்துக் கூரியரில் திரும்பி வந்தது, கடிதம் ஏதும் இல்லாமல், உள்ளே அரைக் கிலோ கற்கண்டோடு. கற்கண்டைக் கொட்டிப் பார்த்தார்கள். அடியில், மிகச் சிறியதாக, ஒரு மைதானத்தின் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எப்படி என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் மாடியில் இரு கதவுகளும் அன்றைக்கு மறுபடி மூடிக்கொண்டன. வெள்ளியும் சனியும் அப்படியே போயின. ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டு உலகம்மை கதவைத் திறந்தபோது, அவள் நிலைப்படிக்கு வெளியே தூக்குவாளி இருந்தது. எதிர்க் கதவு சாத்தியிருந்தது. வாளிக்குள், மேலே, சூடாக ரசஞ்சோறு இருந்தது.

அவள் அதை உள்ளே எடுத்துப் போய்த் தட்டில் இட்டு உண்டாள். மிளகு சற்றுத் தூக்கலாக, தாய் வைப்பதுபோல இருந்தது. உண்டு முடித்து வாளியைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, இடப்பக்கமாக விரலை நீட்டித் துடுப்பைத் தொட்டாள். ஆறு பெருங்காய மணத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பரிசல் சுழன்றது. வலப்பக்கத் துடுப்பைத் தொட்டாள்; மறுபுறமாகச் சுழன்றது. பெயரும் இப்போது அவளுடையது, பாத்திரமும் அவள் கையில். அக்கரையில் நின்றவர்களில் ஓர் ஆட்டுக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் அமர்ந்துகொண்டார்.

திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமையாகத் திருப்பக் கூடாது. அவள் அடுக்களையில் தேடினாள். சர்க்கரை தீர்ந்திருந்தது. பழம் இல்லை. வெல்லம் இருந்தது, ஆனால் அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்று மருந்துக்கடைப் பையைப் படிக்கட்டில் பார்த்து அறிந்திருந்தாள். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள், கடிகாரத்தில் ஆறே முக்கால் ஆனதைக் கண்டு, வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

கதவு தட்டியவுடன் திறந்தது. பின்னாலேயே நின்றிருக்க வேண்டும்.

“வெறும் ஏனமாத்தான் கொண்டாந்திருக்கேன்,” என்றாள் உலகம்மை. “வீட்டுல ஒண்ணுமில்ல.”

சங்கரவடிவு வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். “அதான் இத்தன பேர் நிக்காங்கள்லா. வா, நேரமாச்சு.”

இருவரும் தாயின் படத்துக்குக் கீழே தரையில் அமர்ந்து, வாளியை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கத் துடுப்பில் விரல் வைத்தார்கள். பரிசல் தயங்கி, அரைச் சுற்றுச் சுழன்று, பிறகு நேராயிற்று. நடு ஆற்றுக்கு வந்தபோது மூத்தவள் அந்தப் பரிசலில் முதல் முறையாக வாய் திறந்தாள்.

“ஏட்டி, நீ எப்பவும் இழுத்துத்தான் போடுத. அதான் பரிசல் ஒரு பக்கமா போவுது.”

“இத சொல்ல அஞ்சரை வருசமாச்சாக்கா உனக்கு?”

“‘கல்வெட்டு’ன்னு ஒருத்தி பேரு வச்சிருந்தா, அவ கிட்ட என்னத்தச் சொல்ல?” என்றாள் சங்கரவடிவு. “மெதுவாப் போடு. அலை அடிக்கி.”

ஒன்பது நாளாக அக்கரையில் காத்திருந்தவர்கள், பரிசல் கரை தொட்டதும், ஏன் இத்தனை தாமதம் என்று கேட்காமல் எழுந்தார்கள். முதலில் ஆட்டுக்காரர் ஆடுகளை ஏற்றினார். அவர் பின்னால் பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பின் மணப்பெண்ணும் அவள் வீட்டாரும். எட்டரை மணிவரை அக்காவும் தங்கையும் அறுபத்திரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். பரிசல் யாருடையது என்று ஏறியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.